ஆரணிப் பக்கத்துப் பிள்ளை சகஜானந்தர்

சந்தவாசலில் இருந்து ஆரணிக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் சுவாமி சகஜானந்தரைப் பற்றிக் கேட்டால், தெரிந்த ஒன்றிரண்டு பேரும் சிதம்பரத்துக்காரர் என்றே சொல்வார்கள். அரசு எழுப்பிய மணிமண்டபம் அங்கே இருப்பதால் அப்படி. பிறந்தது ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில்.

1890 ஜனவரி 27 அன்று அண்ணாமலை, அலமேலு தம்பதிக்குப் பிறந்த அவருக்கு முனுசாமி என்று பெயர். திண்டிவனம் மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படிப்பு. பிறகு கோலார் தங்கவயல். பண்ணை வேலையை விட்டால் சுரங்கம் என்பதுதான் அன்றைக்கு வடஆற்காட்டுச் சேரி மக்கள் பலருக்கும் கதி. முனுசாமி அங்கே தங்கிவிடவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் மடத்தில் சேர்ந்து தமிழும் சாத்திரமும் கற்றார். சகஜானந்தர் என்பது அங்கே பெற்ற துறவுப் பெயர்.

1910இல், 20 வயதில் சிதம்பரத்தில் போய்க் குடியேறினார். தில்லை நடராசர் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைய முடியாத காலம் அது. நந்தனைத் தீக்குள் இறக்கித்தான் சேர்த்துக்கொண்டதாகப் புராணம் சொல்லும் ஊர். அந்த ஊரில் நந்தன் பெயராலேயே மடம் நடத்தினார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். 25 பிள்ளைகளோடு ஓமக்குளத்தில் பள்ளி எழுந்தது. படிக்க வந்த சேரிப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன்னால் சோறு வேண்டியிருந்தது; விடுதியும் நடத்தினார். பெண் பிள்ளைகளையும் விடவில்லை. 1927இல் சிதம்பரம் வந்த காந்தி, நந்தனார் பெயரிலான கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்.

நந்தன் கதையில் பணிவை மட்டுமே காண்கிறவர்கள் நம்மில் உண்டு. காவி கட்டிய தலைவர் நமக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும். காவியோடுதான் 1926இல் அவர் சென்னை சட்டசபைக்குப் போனார். இடையில் சில ஆண்டுகள் போக, சாகும்வரை சட்டமன்றத்தில் நம் மக்களுக்கு நிலமும் படிப்பும் கேட்டார். 1952 தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் வென்றார்.

1959 மே 1 அன்று மறைந்தார். அவர் ஊன்றிய பள்ளி இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக நடக்கிறது.

மே 1 கிராமசபை கூடும் நாளும்கூட. ஆரணி சாலையோரம் அவர் பெயரும் பிறந்த ஊரும் பொறித்த கல் ஒன்று வைக்கத் தீர்மானம் கொண்டுவர, சந்தவாசல் பகுதி மாணவர்கள் அன்றைக்குக் கையில் மனுவோடு போகலாம்.