கடைப் பையன் தந்த படிப்பு

காமராஜர் 1903-இல் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், பிறந்தார். கடையும் தராசும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டன. அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. பையனுக்கு ஆறு வயசிலேயே அவர் காலமானார். அம்மா சிவகாமி கம்மலைத் தவிர மற்ற நகைகளை விற்று, பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்தார். மாசாமாசம் வந்த வட்டியில் குடும்பம் ஓடியது.

அவர் படித்தது, ஊரார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கி வளர்த்த பள்ளி. ஆனாலும் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1954-இல் முதலமைச்சரானதும் கிராமங்களில் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவும் போட்டார். ஓர் ஊர் பிடி அரிசியால் செய்ததை மாநிலத்துக்கே செய்தார்.

இளைஞர்களே, நம்ம வட்டாரத்திலும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இருக்காங்க. முதல் பிடி நம்ம கையிலிருந்து போகட்டும்.