செயற்கைக் காலுடன் 143 நாட்கள்

மயூர் விஹாரிலிருந்து கன்னாட் பிளேசுக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதைப்போல் இரு மடங்கு தூரத்தை, ஒரு செயற்கைக் காலுடன், நாள்தோறும் ஓடினார் ஓர் இளைஞர். அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ்.

கனடாவில் 1958-ல் பிறந்தவர். எலும்புப் புற்றுநோய் காரணமாக, 1977-ல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் கண்ட மற்ற நோயாளிகளின், குறிப்பாகக் குழந்தைகளின் வேதனை அவர் மனத்தை உலுக்கிற்று. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஓடத் துணிந்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் புறப்பட்டார். வெட்டுண்ட காலில் ரத்தம் கசிந்தது. ஆயினும் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்த் திரும்பும் தூரத்தைவிட இது அதிகம்.

செப்டம்பர் 1 அன்று, தண்டர் பே நகருக்கு அருகே, மார்புவலி வந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் நின்றது; நன்கொடை நிற்கவில்லை. கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவர் ஆசை. 1981 பிப்ரவரியில் அது நிறைவேறி, நிதி 2.4 கோடி டாலராயிற்று.

அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 23 வயது நிறையுமுன், அவர் காலமானார். அவர் முடிக்காத ஓட்டத்தை, 1981 முதல் ஆண்டுதோறும் பல நாட்டு மக்கள் அவர் பெயரால் ஓடி வருகிறார்கள். இந்தியாவிலும் அது நடந்திருக்கிறது.