சபாபதியைத் தந்த சம்பந்த முதலியார்

அலுவலகத்தில் கணக்கெழுதும் அன்பரும், பள்ளி ஆசிரியரும், பொறியியலாளரும் மாலைப் பொழுதில் ஒன்றுகூடி ஒத்திகை பார்த்து, அரிதாரம் பூசி மேடையேறி நம்மைச் சிரிக்க வைப்பதை நமது ஆண்டு விழாக்களில் நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். அவர்தம் பெற்றோரும் மனைவி மக்களும் முன் வரிசையில் அமர்ந்து கைதட்டி மகிழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாநகரில் இஃது எளிதில் நடவாத காரியம். நாடகமாடுபவன் கூத்தாடி எனப்பட்டான். படித்த குடும்பத்தார் அவனைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள நாணினர். அந்நாணத்தைப் போக்க முன்னின்றவர் பம்மல் சம்பந்த முதலியார் ஆவார்.

முதலியாரவர்கள் 1873ஆம் ஆண்டில் சென்னையில் விஜயரங்க முதலியாரின் புதல்வராகப் பிறந்தார். பம்மல் என்பது சென்னையை அடுத்த, குடும்பத்தின் பூர்விக ஊர். ஆங்கிலக் கல்வி பயின்ற அக்கால இளைஞர் பலரைப் போலவே அவருக்கும் தமிழ் நாடகத்தின் மீது மதிப்பு இருந்ததில்லை. தெருக்கூத்தும் விடிய விடிய நடக்கும் பாட்டு நாடகமும் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. ஆயின் 1891ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அவர் மனம் அடியோடு மாறிற்று. பல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார் கிருஷ்ணமாச்சாரியார் என்பவரின் தலைமையில் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தினர். நடித்தவர்கள் கூலிக்கு ஆடுவோர் அல்லர், கற்றறிந்த கனவான்கள். தலைவரோ ஒரு வழக்கறிஞர். தெலுங்கில் இவர்கள் செய்வதைத் தமிழில் நாம் ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் இளைஞர் சம்பந்தத்தைப் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று, நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்.

தமிழ் நாடகத்தின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டது தெலுங்கு நாடகம். அதனைக் கொணர்ந்தவர் பல்லாரியார். பிறமொழி வழங்கும் நிலத்தில் குடியேறி வாழும் நமக்கு இச்செய்தி தனிச் சுவை தருவதன்றோ? இவ்வேற்பாடு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. சுகுண விலாச சபையார் பிற்காலத்தில் தமிழோடு தெலுங்கிலும் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் நாடகங்கள் நடத்தினர்.

சபை பிறந்ததே தவிர, ஆடுவதற்கு ஏற்ற நாடகம் தமிழில் கிடைக்கவில்லை. ஆகவே அதனையும் முதலியாரே எழுத நேர்ந்தது. புஷ்பவல்லி 1893இல் விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறிற்று. பின்னர் லீலாவதி சுலோசனா, மனோகரா முதலியன வந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யன் ஆயிற்று. வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேற்பட்டவை. பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதலிடம் அளித்தார். குறித்த நேரத்தில் திரை தூக்கி, சில மணி நேரத்தில் முடித்து, பார்ப்பவரை உறங்கும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மறுநாட் காலையில் கச்சேரிக்கும் அலுவலகத்துக்கும் போக வேண்டிய நடிகர்க்கும் இது வேண்டியதாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

உலகம் அவரைப் பெரிதும் மனோகராவைக் கொண்டே நினைக்கிறது. நமக்கோ அவருடைய நகைச்சுவை நாடகங்களே நெஞ்சுக்கு நெருக்கமானவை. அவற்றுள் தலையாயது சபாபதி. எசமானுக்கும் சபாபதி என்றே பெயர். பணியாளுக்கும் அதுவே பெயர். ஏவியதை ஏவிய சொற்படியே செய்து அனைத்தையும் பாழாக்குபவன் பணியாள். அவனை ஏவும் செல்வரோ அவனைவிட அறிவாளி என்று சொல்வதற்கில்லை. பேதைமைக்குச் செல்வர் வறியர் என்ற வேறுபாடு இல்லை என்பதை ஒரு பெயரைக் கொண்டே காட்டிவிட்ட திறத்தை என்னென்பது! ஒரு நாடகத்தோடு சபாபதியை விட அவருக்கும் மனமில்லை, பார்த்தவர்க்கும் மனமில்லை. ஆகவே தொடர்ந்து பல பாகங்கள் எழுந்தன. பேசும் படம் வந்த காலத்தில் சபாபதி முதலியாரும் பேசும் படமும் என்றொரு நாடகமும் பிறந்தது. இனி, சந்திரஹரியைப் பாருங்கள். அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகத் திருப்பி, எத்துணை இடர் வரினும் உண்மை பேசாத மன்னன் ஒருவனைப் படைத்தார். அரிச்சந்திரன் மயான காண்டத்துக்குக் கண்ணீர் வடித்துப் பழகிய மக்களின் முன்னே இதனை வைப்பதற்குத் துணிவு வேண்டும். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரையும் அவர் விட்டுவைக்கவில்லை. காளப்பன் கள்ளத்தனம் என்பது அவருடைய நாடகம் ஒன்றன் தழுவலே.

சபையார் சென்னையோடு நின்றுவிடவில்லை. பெங்களூர் போன்ற வெளியூர்களுக்கும் சென்று ஆடினர். 1911இல் கொழும்பு நகருக்குச் சென்றனர். அந்நாளில் இராமேசுவரம் வழியாக இலங்கை செல்லும் இரயில், கப்பல் இணைப்பு ஏற்படவில்லை. தூத்துக்குடி சென்றே கப்பலேற வேண்டும். வழக்கறிஞரும் உத்தியோகஸ்தரும் உடைப் பெட்டிகளுடன் கடல் கடந்து நாடகமாடச் சென்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். அதன் பயன் சிறிதன்று. இலங்கையில் கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் முதலியாரைத் தம் குருவாகக் கொண்டு, 1913இல் இலங்கை சுபோத விலாச சபையை நிறுவினார்.

பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்த காலம் அது. முதலியார் நாயகனாக நடிக்கும்போது நாயகியாக நடித்தவர் அவருடைய உயிர் நண்பர் ரங்கவடிவேலு. நாடகமேடை நினைவுகள் என்ற நூலைப் படிப்போர் இப்பெயரைத் திரும்பத் திரும்பக் காண்பர். சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றோரும் சபையில் இடம் பெற்றிருந்தனர். இப்பெயர்களே கூத்தாடி என்ற இழிசொல்லின் கூர்மையை மழுக்கப் போதுமானவையாயின.

ஒன்றை நேர்மையாகக் கூற வேண்டும். சபை பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நகரத்தாரின் சபை. சிற்றூர் மக்களிடம் முதலியாரின் நாடகங்களைக் கொண்டு சேர்த்தவர்கள், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய பாய்ஸ் கம்பெனியாரே. எம். கந்தசாமி முதலியார் இந்நாடகங்களைச் சிறுவர்க்குப் பயிற்றுவித்தார், டி. கே. எஸ். சகோதரர்கள் மனோகராவை ஆடிப் புகழ் பெற்றனர். பொழுதுபோக்காக ஆடிய கனவான்களும், பிழைப்புக்காக ஆடிய சிறுவர்களும் ஒரே ஆசிரியரின் வசனத்தைப் பேசினர்.

வழக்கறிஞராயிருந்த முதலியார் பின்னர்ச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். நீதிபதியானபின் நாடகத்தைத் துறந்தாரல்லர். ஓய்வு பெற்றபின் நினைவுகளையும், நடிப்புக் கலை பற்றிய நூல்களையும் எழுதினார். 1941இல் சபாபதி திரைப்படமாயிற்று. டி. ஆர். இராமச்சந்திரன் எசமானாகவும், காளி என். ரத்தினம் பணியாளாகவும் தோன்றிய அப்படத்தைக் கண்டு நகையாத தமிழர் அரியர். 1954இல் மனோகரா, சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் திரைக்கு வந்தது. 1959ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1964 செப்டம்பரில், தொண்ணூறு கடந்த வயதில் அவர் மறைந்தார்.