நாற்காலியை விட்டார், தொண்டை விடவில்லை

ஜொகூர் தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! பொதுத்தொண்டு செய்தவருக்கு விருது கொடுக்கும்போதெல்லாம் நாம நினைக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணுக்குப் படிப்பு எதுக்கு என்று ஊரே பேசிய காலம். எதிர்ப்பைத் தாண்டி ஆண்கள் கல்லூரியில் படித்தார். 1912-இல் சென்னையில் டாக்டரானார்.

1927-இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவர் நாற்காலியும் தேடி வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். சட்டம் 1947-இல்தான் வந்தது. 1930-இல் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்தார்.

பதவி போனா வேலை முடிஞ்சு போச்சா? தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் தங்க இடம் கேட்டு வந்தாங்க. விடுதிகள் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்; அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த அம்மையார், 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1968-இல் மறைந்தார்.

விருது கடைசியில்தான் வந்தது, பாருங்க. தொண்டு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது. நம்ம லயத்திலும் படிக்க வழியில்லாத பெண்பிள்ளை ஒருத்தி இருக்கலாம். அவளைப் பள்ளிக்கு அனுப்பத் துணை நிற்பவர் யாரோ, அவரே அம்மையாரின் வாரிசு!