தங்கையின் துயரில் எழுந்த ஆதுரசாலை

மக்கட்குப் பெருநன்மை செய்தோர் வாழ்க்கையை ஆராய்வோர்க்கு ஓருண்மை புலனாகும். அவர்தம் அருஞ்செயலுக்குப் பின்னே பெரும்பாலும் ஆறாத் துயரமொன்று மறைந்து நிற்கும். துயரம் எல்லார்க்கும் வருவது. அதனைக் கண்ணீரிற் கரைத்துவிடுவோர் பலர். விதியின்மேற் பழிபோட்டு ஆறியிருப்போர் பலர். அத்துயரம் பிறர்க்கு வாராமற் காக்கும் வழி யாதென ஆராய்ந்து, அவ்வழியிலே ஆயுள் முழுதும் நடப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்றும், தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டவர் என்றும் அவரை மாணவர் அறிவர். இளவயதிலே புற்றுநோய்க்கு இரையான தங்கையின் நினைவைச் சுமந்து, முப்பது ஆண்டு முயன்று, சென்னை அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் நிறுவிய வரலாறு அத்துணை அறியப்படவில்லை. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையிற் பெயர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் வளர்த்த குலத்திலே தோன்றியவர். இவர்தம் இல்லறத்தை அக்காலச் சமூகம் மனமுவந்து ஏற்கவில்லை. தந்தையின் சுற்றத்தார் விலகி நின்றனர். தாயின் குலத்தையோ ஊரார் தாழ்வாக நோக்கினர். தாம் செய்யாத ஒன்றுக்காகத் தம்மைப் பிறர் ஒதுக்குவது எத்தன்மைத்து என்பதைச் சிறுமியாயிருந்த காலத்திலேயே அம்மையார் உணர்ந்தார்.

பருவமெய்திய பெண்ணைப் பள்ளியினின்றும் நிறுத்திவிடுவது அந்நாள் வழக்கம். தந்தையார் மகளை வீட்டில் வைத்துக் கற்பித்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் தேறிய மகள் ஆடவர்க்கேயுரிய மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டியபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஒரு பெண் வந்து அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். அவரது பிறப்பைச் சுட்டி மறுத்தனர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி நல்கினார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அம்மையார் 1912இல் சிறப்புற்றுத் தேறி, பெண்ணுக்கு எட்டாதெனப்பட்ட அறுவை மருத்துவத்திலும் தம் திறனை நிலைநாட்டினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்கட்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே அம்மணம் நிகழ்ந்தது. அவ்வுடன்பாட்டை ரெட்டியார் இறுதிவரை காத்தார் என்பதற்கு அம்மையாரின் பொதுவாழ்வே சான்று.

தங்கையின் பிரிவு

மருத்துவராக நற்பெயர் பெற்று, குடும்பமும் தழைத்து வந்த காலத்திலே, 1920களின் தொடக்கத்தில், அம்மையாரின் தங்கையைக் குடலின் கீழ்ப்பகுதியிலே தோன்றிய புற்றுநோய் பற்றியது. புற்று என்பது முதியோர் நோய் என்றே வைத்தியரும் எண்ணியிருந்த நாள் அது. இளம்பெண் ஒருத்தியின் வயிற்று வருத்தத்தை அக்கொடுநோயென எவரும் ஐயுறவில்லை. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை பட்ட வேதனையை அம்மையார் அருகிருந்து கண்டார். எத்துணையோ தாயரையும் சேயரையும் காத்த கைகள் உடன்பிறந்தாளைக் காக்க வகையற்று நின்றன.

இழப்பினும் பெரிதாக அவர் நெஞ்சை அரித்தது வேறொன்று. இந்நோய் வந்தோர்க்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று அறிவுடையோரும் கைவிட்டிருந்தமையே அது. பிறப்பினால் ஒரு பெண் இழிந்தவள் என்று சொன்ன அதே உலகம், நோயினால் ஓர் இளைஞர் முடிந்தவர் என்றும் சொல்லக் கண்டார். இரண்டினையும் விதியென்றே கூறினர். அம்மையார் இரண்டினையும் விதியென ஏற்க மறுத்தார். அவருடைய வாழ்வின் பிற்பகுதி முழுதும் இம்மறுப்பின் விரிவே என்க.

1925இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் வரும் நோய்களைக் கற்கச் சென்றவர், இலண்டன் மாநகரிற் புற்றுநோய்க்கென்றே நடந்த வைத்தியசாலையின் பணியினையும் நேரிற் கண்டார். அத்தகைய நிலையமொன்று தமிழ்நாட்டிலும் அமைதல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிபெற்றது.

சட்டசபையும் அவ்வை இல்லமும்

ஆயினும், நாடு அவரை முதலில் வேறொரு களத்திற்கு அழைத்தது. 1926ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்ற அவர், அச்சபையின் உபதலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானங் கொணர்ந்தார். குழந்தை மணத்தைத் தடுக்க வாதாடினார். காந்தியடிகள் 1930இற் சிறைப்பட்டபோது தம் பதவியைத் துறந்தார். அம்மையார் தொடங்கிய போராட்டம் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகக் கனிந்தது. ஆதரவற்ற பெண்பிள்ளைகட்குத் தம் வீட்டையே புகலிடமாக்கி அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் அவர் பெயர் சொல்லி நிற்கின்றது.

பன்னிரண்டு கட்டில்கள்

1935இற் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அவ்வவையிலே புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டுமென்று அம்மையார் எடுத்துரைத்தார். கேட்டோர் பலர், கைகொடுத்தோர் சிலர். போர் வந்தது; விடுதலை வந்தது; வைத்தியசாலை வரவில்லை. இறப்பது உறுதியான நோயாளர்க்கு எதற்காகப் பொருள் செலவிடுதல் வேண்டும் என்னும் வினா அரசாங்க அறைகளிலும் எழுந்தது. அவ்வினாவுக்குச் சொல்லால் விடை கூறுதல் அரிது எனக் கண்ட அம்மையார், 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். பெண்கள் பலர் முன்னின்று பொருள் திரட்டினர். மகன் கிருஷ்ணமூர்த்தி இந்நோயின் சிகிச்சையிற் பயிற்சி பெற்று வந்து தாயின் வலக்கையாக நின்றார்.

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் 12 கட்டில்களுடன் எளிய குடில்களிலே அடையாறு புற்றுநோய் நிலையம் பணி தொடங்கிற்று. அம்மையாருக்கு அப்பொழுது 67 வயது. அடுத்த ஆண்டிலே டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவரும் அங்கு வந்து சேர்ந்து, 2021இல் மறையும்வரை அப்பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், திருமுக்கூடற் கோயிலை அடுத்து 15 கட்டில்களுடன் ஆதுரசாலை ஒன்று இயங்கியதைக் கல்வெட்டுக் கூறும். வேந்தன் ஆணையும் கோயிற் செல்வமும் தாங்கிய சாலைக்கு 15 கட்டில். தங்கையை இழந்த ஒரு பெண்மணியின் உறுதி தாங்கிய சாலைக்கு 12 கட்டில். இவ்வொப்புமையை எண்ணுந்தோறும் அம்மையாரின் பெருமை விளங்கும்.

அம்மையார் 1956இற் பத்மபூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் தம் 81ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த யூலை 30ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுவதெனத் தமிழ்நாட்டரசு 2019இல் அறிவித்தது.

அவர் நம்பிக்கை மெய்யானமை

அம்மையார் எதனை நம்பினாரோ அது அவர் கண்மூடிய காலத்தை அடுத்தே மெய்யாயிற்று. இதற்கு இளைஞரைப் பெரிதும் பற்றும் நிணநீர்க்கணுப் புற்றுநோயே தக்க சான்று. லிம்போமா என வைத்தியர் வழங்குவது இதனையே. இதன் ஒருவகையை இலண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் முதன்முதல் விரித்துரைத்தார். அதனால் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டோர், அதாவது கல்லூரியிற் பயில்வோரும் தொழிலிற் புகுவோரும் மணம் பேசப்படுவோருமே, இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். நோவில்லாத ஒரு வீக்கம் கழுத்திலோ கக்கத்திலோ தோன்றும். காரணம் விளங்காத காய்ச்சலும், இரவிலே உடல் நனையும் வியர்வையும், மெலிவும் சிலர்க்குத் தொடரும். நம் நாடுகளிலே காசநோயும் இவ்வாறே தோன்றுவதால், கணுவின் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கும்வரை உண்மை புலப்படாது மாதங்கள் கழிவதுண்டு. அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்ததும் இத்தகைய தாமதமே.

முற்றிப் பரவிய இந்நோய் 1960கள்வரை உயிர் கவர்வதாகவே இருந்தது. 1964இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்கு மருந்துகளைச் சேர்த்து முறைப்படி வழங்கத் தொடங்கினர். நோயாளருட் பெரும்பாலோரிடம் நோய்க்குறி முற்றும் மறையக் கண்டு உலகம் வியந்தது. 1970களில் இத்தாலி நாட்டு மருத்துவர் அதனினும் துன்பங் குறைந்த வேறொரு சேர்க்கையை வகுத்தனர். இவ்விரு சேர்க்கைகளிலும் இடம்பெற்ற மருந்துகளுள் ஒவ்வொன்று நித்தியகல்யாணிச் செடியினின்றும் பிரிக்கப்பட்டது. நம்மூரவர் பட்டிப்பூ என்பதும், முற்றத்திற் பறித்துப் பூசைக்கு வைப்பதும் அதனையே. வேலியோரத்துச் செடியில் உயிர் காக்கும் மருந்து ஒளிந்திருந்ததென்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயின், அச்செடியை வீட்டிலே இடித்துக் குடித்தல் நஞ்சாகும் என்பதையும் மறத்தலாகாது. இன்று உரிய காலத்தில் அறியப்படும் ஹொட்ஜ்கின் நோயாளருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என நான்கு கூறாகப் பகுத்தார். முதல் மூன்றினைப் பற்றி நூல்கள் பல உள. நான்காவதே வீட்டாரையும் ஊராரையும் ஆசிரியரையும் சார்ந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எங்கள் களுதாவளை போன்ற ஊர்களிலிருந்து மகரகமைக்குச் சிகிச்சைக்குச் செல்லுதல் ஒரு பகலோ ஓரிரவோ கழியும் பயணம். இப்பொழுது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. வடக்கே தெல்லிப்பழையிலும் உண்டு. வழித்தொலைவு குறைந்தது. நாணத்தின் தொலைவு குறைந்ததா?

உயர்தரப் பரீட்சையை நோக்கியிருக்கும் மாணவி தலைமயிர் உதிர்ந்து வகுப்புக்குத் திரும்பும்போது, மயிர் மீண்டும் வளரும் என்பதை அறிந்த தோழியர் அவளருகில் அமர்வர், அறியாதார் ஒதுங்குவர். மகனுக்கு நோயென்று தெரிந்தால் மணம் தடைப்படுமென அஞ்சி மறைக்கும் பெற்றோர், நாட்களை நோய்க்குக் கொடுத்துவிடுகின்றனர். பிள்ளைப்பேறு பற்றிய கவலையைச் சிகிச்சை தொடங்குமுன்பே வைத்தியரிடம் மனந்திறந்து கூறின், அதற்கும் வழிகள் உள என்பதைப் பலர் அறியார். ஆறாத வீக்கமெல்லாம் புற்றல்ல. பெரும்பாலான வீக்கங்கள் எளிய தொற்றினால் வருவன. எனினும் சில கிழமைகள் கடந்தும் வற்றாததை மறைப்பது அறிவாகாது.

பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு சிறுமி, நோயின் பெயரால் ஒருவரும் ஒதுக்கப்படலாகாது என்று நிறுவிச் சென்றாள். அவள் தங்கைக்குக் கிடையாத காலமும் மருந்தும் நம் பிள்ளைகட்குக் கிடைத்துள்ளன. அவற்றை அச்சத்தாலும் நாணத்தாலும் இழவாதிருத்தலே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.