மயிலை சீனி. வேங்கடசாமி

சிந்தாமணியும் நீலகேசியும் நாலடியாரும் நன்னூலும் சமணச் சான்றோர் தமிழுக்கு அளித்த செல்வங்கள் என்று இன்று எவரும் தயக்கமின்றிக் கூறுவர். ஆனால், இத்தொண்டினையும் தமிழகத்தில் நம் சமயம் நின்ற வரலாற்றையும் ஒருசேரத் தொகுத்துச் சான்றுகளுடன் எளிய தமிழில் நூலாக்கித் தந்தவர் சமணக் குடியில் பிறந்தவர் அல்லர். சென்னை மயிலாப்பூரில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி. வேங்கடசாமி என்னும் அறிஞரே அவர். அன்னாரின் வாழ்க்கையை நம் இல்லத்துச் சிறுவரும் அறிதல் வேண்டும்.

அவர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பிறந்தார். தமிழறிவு மிக்க தமையனாரிடம் இளமையிலேயே தமிழ் பயின்றார். ஓவியக் கலையிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. ஆயினும் குடும்பச் சூழ்நிலையால் அக்கல்வியைத் தொடர இயலவில்லை. சில காலம் இதழ்ப் பணியில் இருந்தபின், மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பகலில் பள்ளிப் பணி, எஞ்சிய பொழுதில் நூலகம், விடுமுறையில் கல்வெட்டுகளும் பழஞ்சின்னங்களும் உள்ள ஊர்கள் என அவர் வாழ்வு நடந்தது. ஆசிரியர் ஊதியத்தில் இத்தகைய ஆராய்ச்சியை நடத்துவது எத்துணை அரிது என்பதை அத்தொழிலில் இருந்தோர் நன்கு அறிவோம்.

அவருடைய ‘கிறித்தவமும் தமிழும்’ 1936-இலும், ‘பௌத்தமும் தமிழும்’ 1940-இலும் வெளிவந்தன. அவ்வரிசையில் 1954-இல் வந்ததே ‘சமணமும் தமிழும்’. எச்சமயத்தார் தமிழுக்குத் தொண்டு செய்திருப்பினும் அதனை நடுவுநிலையில் நின்று எடுத்துரைப்பது அவர் கொள்கையாக இருந்தது.

அந்நூலில் சமயத் தத்துவமும், துறவியர் ஒழுக்கமும், இல்லறத்தார் ஒழுக்கமும் முதலில் விளக்கப்படுகின்றன. பின்னர், சமணம் தமிழகத்துக்கு வந்ததும் சிறப்புற்றதும் கூறப்படுகின்றன. நமக்கு இனிப்பனவற்றை மட்டும் அவர் எழுதினார் அல்லர். சமயப் பூசலையும், நம் சமயம் குன்றிய நிலையையும் மறையாமல், எவரையும் இகழாமல் எடுத்துரைத்தார். தமிழகமெங்கும் சிதறிக் கிடக்கும் சமணத் திருப்பதிகளை ஊர் ஊராகத் தொகுத்துள்ள பகுதி நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும். பெண்பாற் துறவியரைப் பற்றியும் அவர் தனியே எழுதியுள்ளார். குரத்தியார் என்று கல்வெட்டுகள் போற்றும் அவ்வம்மையாரை நம் பெண்மக்கள் அறிய அப்பகுதியே போதும்.

1959-இல் அவர் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ மற்றோர் அரிய நூல். உரையாசிரியர்கள் எடுத்தாண்ட செய்யுள்களையும் பிற சான்றுகளையும் கொண்டு, பெயரளவில் எஞ்சியுள்ள நூல்களை அதில் பட்டியலிட்டார். வளையாபதி முழுமையாகக் கிடைக்காமற் போனதை நினைந்து வருந்துவோர், இழந்தவை இன்னும் எத்துணை என்பதை அதில் காணலாம். ஏட்டுச் சுவடியைப் பேணாத தலைமுறை எதனை இழக்கும் என்பதற்கு அந்நூலே சான்று.

வரலாற்றாசிரியர் பலர் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று ஒதுக்கினர். அவர் தம் முதுமையில் ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ என்னும் நூலை எழுதி, அக்காலத்திலும் தமிழ் வளர்ந்ததை எடுத்துக்காட்டினார். மதுரையில் வச்சிரநந்தியார் திரமிள சங்கம் நிறுவியதாக நம் மரபு கூறுவதும் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அன்றோ!

அவர் 1980-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. ஆதலின் அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். விலை குறைந்த பதிப்புகளும் கிடைக்கின்றன. நம் இல்லங்களில் அவை உள்ளனவா என்பதே கேள்வி.

அவர் நடந்து கண்ட குன்றுகள் சிலவற்றில் இன்று கல்வெட்டுகள் மழையாலும் மனிதர் கையாலும் சிதைந்து வருகின்றன. நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் பணிக்காகவும் ஊரைவிட்டுச் சென்றபின், சினாலயத்தின் வரலாற்றைக் கேட்டால் சொல்லும் முதியோரும் குறைந்து வருகின்றனர். பிறந்த குடியால் உறவில்லாத ஒருவர் நமக்காக இத்துணை உழைத்தார் எனில், உரிமையுடைய நாம் வாளாவிருத்தல் தகுமோ? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அருகிலுள்ள ஒரு சமணக் குன்றுக்கு அழைத்துச் செல்வோம். அவ்வூரைப் பற்றி அவர் எழுதியதை அங்கே படித்துக் காட்டுவோம். நம் ஊர்ச் சினாலயத்தைப் பற்றி முதியோர் கூறுவனவற்றை ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். அவ்வாசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.