இராமாநுசரும் வாதநெறியும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பெரும்பூதூர் இன்று தொழில் வளத்தாற் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் முதல் ஒரகடம் வரை மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புக்களும் செய்யும் ஆலைகள் பல விளங்குகின்றன. ஆயினும், பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அவ்வூரின் பெயரைப் பாரத நாடெங்கும் பரப்பியவர் ஒருவர் உளர். அவரே இராமாநுசர். அவர் 1017 ஆம் ஆண்டில் கேசவ சோமயாசியார்க்கும் காந்திமதி அம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார் என்பது வழிவழி வந்த வரலாறு.

ஒருவர் தம் கருத்தை நிலைநாட்டச் சில உறுப்புக்கள் வேண்டும். தாம் நிறுவ விரும்புவதைத் தெளிவாக மொழிவது மேற்கோள். பிறர் வாக்கை எடுத்துரைத்தல் என்னும் பொருள் இங்குக் கொள்ளற்க. மேற்கோளுக்குரிய காரணம் ஏது. அதனை விளங்கச் செய்வது எடுத்துக்காட்டு. பிறர் எழுப்பும் மறுப்பு தடை. அதனை நீக்குவது விடை. இவற்றை ஆளும் முறையை இராமாநுசர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது.

இளமையில் அவர் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஒருநாள், இறைவன் கண்களைத் தாமரையோடு ஒப்பிடும் சாந்தோக்கிய உபநிடதத் தொடர்க்கு ஆசிரியர் பொருள் உரைத்தார். அதில் வரும் கபி என்னும் சொல்லுக்குக் குரங்கு எனப் பொருள்கொண்டு, அவ்விலங்கின் பின்புறச் செம்மையை உவமையாக்கினார். மாணவர் உளம் நொந்தார். ஆயினும் வெறுஞ்சினத்தால் மறுத்தாரல்லர். உயர்ந்த பொருளுக்கு இழிந்த உவமை பொருந்தாது என்பது அவரது மேற்கோள். நீரைப் பருகுவோன் என்னும் பொருளில் அச்சொல் கதிரவனையும் குறிக்கும் என்பது அவர் காட்டிய ஏது. ஆகவே, கதிரவனால் மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என முடித்தார். ஆசிரியர் அத்தடையைப் பொறாது மாணவர்மீது வெறுப்புற்றார். பின்னாளில் அவரே இராமாநுசர்க்கு மாணவரானார் என்பர்.

இராமாநுசர் துறவு பூண்டு திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்தில், பிரம சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரை இயற்றினார். அதன் தொடக்கத்திலேயே எதிர்க்கொள்கையினரின் வாதங்களை விரிவாகத் தொகுத்துரைத்தார். அவற்றை வலிகுன்றச் சுருக்காமல், அக்கொள்கையினரே உரைப்பது போல நிரல்பட அமைத்தார். அதன் பின்னரே மறுக்கலானார். பிறர் கூற்றை இவ்வாறு முன்வைப்பதைப் பூர்வபட்சம் என்றும், ஆராய்ந்து கண்ட முடிபைச் சித்தாந்தம் என்றும் வடநூலார் கூறுவர். பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலை நன்னூலாரும் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக வைத்தார்.

அப்பேருரையை இராமாநுசர் சொல்ல, அவர் மாணவர் கூரத்தாழ்வார் ஏட்டில் எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத இடம் வரின் எழுதாது நிறுத்துதல் வேண்டும் என்பது இருவர்க்கும் இடையே இருந்த ஏற்பாடு. ஒருகால், அறியும் தன்மையே உயிரின் இலக்கணம் என இராமாநுசர் மொழிந்தார். உயிர் இறைவனுக்கு உரிமைப்பட்டது என்னும் கருத்து அதில் விடுபட்டிருந்தது. எழுத்தாணி நின்றது. ஆசிரியர் மீண்டும் கூறினார், எழுத்தாணி அசையவில்லை. அவர் சினந்து, வேண்டுமாயின் உரையைத் தாமே எழுதிக்கொள்ளுமாறு மாணவரைக் கடிந்து எழுந்தார்.

முன்னொரு நாள் மாணவராய் இருந்து தடை எழுப்பியவர், இப்போது ஆசிரியராய் இருந்து தடையைக் கேட்டார். யாதவப்பிரகாசரைப் போல வெறுப்புக்கு இடங்கொடுத்திருப்பின், பேருரை குறையுடையதாகியிருக்கும். அரிய மாணவரையும் இழந்திருப்பார். ஆனால், அவர் தனித்திருந்து எண்ணினார். மாணவர் கண்ட குறை உண்மையே எனத் தெளிந்தார். கூரத்தாழ்வாரை அழைத்துத் தம் கூற்றைத் திருத்தி எழுதச் செய்தார். வாயாற் சொல்லாத அத்தடைக்கு அதுவே தக்க விடையாயிற்று.

இராமாநுசர் 1137 ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மறைந்தார் என்பர். மாணவர்களே! நீங்களும் பள்ளி மன்றங்களில் சொற்போர் புரிவீர்கள். ஏது இன்றி எதனையும் நாட்டாதீர்கள். மாற்றார் கருத்தை அவரே உடன்படுமாறு எடுத்துரைத்த பின்னரே மறுமின். நும் கூற்றிற் குறை காட்டுவோர் இளையராயினும் அவர்க்குச் செவி கொடுமின். பிறரை வெல்லுதல் எளிது. பிழை கண்டவிடத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளுதலே அரிது.